ஜன்னலில் ஈரச் சாக்கு

பாடாங் செராய்
12.3.1983

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. நலமில்லை என்றால் நீயே எழுதுவாய்.

இந்தக் கடிதத்தோடு குழந்தைவேலு அண்ணன் தன் மளிகை லாரியிலிருந்து நாற்பது பைகளை இறக்கிவிட்டுப் போவார். பயப்படாதே. உள்ளே இருப்பது பால் வற்றி வெட்டிய கித்தா மரத்தின் தூள், கொஞ்சம் தவிடு, கொஞ்சம் சுண்ணாம்பு. எண்ணெய் டிரம்மில் எட்டு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, சிப்பிக் காளான் வித்து போட்டிருக்கிறேன். செத்த மரத்தைத் தின்று வளரும் ஜாதி அது. நான் வேலை பார்க்கும் பலகை ஆலையில் மரத்தைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றுவது என் உத்தியோகம். சாயங்காலம் வாடகை அறைக்குப் பின்னால் அதே பூஞ்சைக்கு மரத்தை ஊட்டுவது என் பொழுதுபோக்கு. சிரிக்காதே. ஆறு மாதமாக வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆனால் இங்கே இடமில்லை. வீட்டுக்காரச் சீனத்தி, "பாவ்லா, பாவ்!" என்று நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு பைகளை எட்டி உதைக்கிறாள்.

நம் வீட்டில் வெயில் படாத இடம் அப்பா படுக்கும் பின்னறைதான். பைகளை அங்கே கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடு. உள்ளே வெள்ளைப் பூஞ்சை முழுதாகப் படரும்வரை தொடாதே. படர்ந்ததும் வாயைத் திறந்து காலையும் மாலையும் தண்ணீர் தெளி. ஜன்னலை மூடி ஈரச் சாக்கு தொங்கவிடு. காற்றுப் பட்டால் மொட்டு காய்ந்துவிடும். தட்டு அகலத்துக்கு விரிந்து ஓரம் மேலே திரும்பும்போது பறி. அவசரப்படாதே.

நான் அனுப்பியது என்று அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். டிசம்பர் விருந்தில் நான் பேசியதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்க மாட்டேன். ரப்பர் சீட் காயும் புகைவீட்டுக்குள் ஒரு மனிதரை முப்பத்தொரு வருடம் நிற்கவைத்துவிட்டு, ஓய்வு பெறும் நாளில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்துக் கைதட்டினால் நானும் கைதட்ட வேண்டுமா? அந்தப் புகைவீட்டுக்கு ஒரு ஜன்னல் வைத்திருந்தால் அவர் இப்படி இருமமாட்டார் என்று துரையின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். தப்பா? "நீ எனக்கு மூச்சு விடக் கத்துக் குடுக்குறியா? இனி என் வாசல மிதிக்காத" என்று அப்பா கத்தியது துரைக்குக் கேட்கட்டும் என்றா, எனக்கா? எதுவானாலும் மூன்று மாதமாக மிதிக்கவில்லை.

பைகளைக் கவனி.

பரஞ்சோதி


செமிலிங்
2.4.1983

தம்பி ஜோதிக்கு,

உன் பைகள் வந்தன. நாற்பதில் இரண்டு கிழிந்திருந்தன, அண்ணன் மேல் பழி போடாதே, நம் பாதை அப்படி.

தொங்கவிட்ட அன்று அப்பா, "என்ன பிள்ளே இது, வவ்வாலு மாதிரி?" என்றார். நீ அனுப்பியது என்றேன். ரேடியோவைத் திருகினார். செய்தி முடிந்ததும் அவராகவே ஆரம்பித்தார். "கித்தா மரத்துல காளான் வந்தா அந்த மரம் போச்சுன்னு அர்த்தம். நாங்க வேரோட தோண்டி எரிப்போம். இவன் பாலிடெக்னிக்ல படிச்சிட்டு அதையே வளக்குறானா? நல்ல படிப்புலா!" பக்கத்து வீட்டு ராக்காயி சின்னம்மா சும்மா இருப்பாளா? எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி குணா, உனக்கு மாப்பிள்ளை பாக்கச் சொன்னா உன் தம்பி மரத்தூளு அனுப்பி வச்சிருக்கானா?" என்று லயத்து வீடெல்லாம் கேட்கச் சிரித்தாள். முப்பத்து நாலு வயதில் நான் என்ன பதில் சொல்வது? "இது குடிக்காதுல்ல சின்னம்மா" என்றேன்.

பைகளில் வெள்ளை முக்கால்வாசி ஏறிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குக் கித்தாப் பால் வெட்டப் போகும் முன் ஒரு தரம் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஜன்னலைப் பகலில் கொஞ்ச நேரமாவது திறக்கலாமா? அந்த ஜன்னலில்தான் அப்பாவுக்குப் புகைவீட்டுக் கூரை தெரியும். கட்டிலில் படுத்தபடியே, "இன்னிக்குப் பச்ச வெறகு போட்டுட்டானுங்க, சீட்டெல்லாம் கறுக்கப் போவுது" என்று திட்டிக்கொண்டிருப்பார். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருக்கும் ஒரே வேலை அதுதான். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நீ சாப்பிடுகிறாயா என்று எழுதவே மாட்டாயா?

அக்கா குணவதி


பாடாங் செராய்
9.4.1983

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன்.

ஜன்னலைத் திறக்கக் கூடாது. பத்து நிமிடம்கூடக் கூடாது. இப்போதுதான் மொட்டு வைக்கும் நேரம். அந்த அறை சின்னது, மூடினால் ஈரம் தங்குகிறது, அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். புகைவீட்டுக் கூரையைப் பார்த்து அவர் என்ன கண்டார்? அந்தக் கூரைதான் அவர் நெஞ்சைத் தின்றது. அவர் தூங்குவதைக் காளான் தொந்தரவு செய்யாது. குறட்டை விடாது, பதில் பேசாது, துரையிடம் சண்டை போடாது. என்னைவிட நல்ல பிள்ளை.

பரஞ்சோதி


செமிலிங்
30.5.1983

தம்பி ஜோதிக்கு,

வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால், அப்படி வந்திருக்கிறது! கொத்துக் கொத்தாக, சாம்பல் நிறத்தில், யானைக் காது மாதிரி. நீ சொன்னபடி தட்டு அகலம் விரியவிட்டுத்தான் பறிக்கிறேன். முதல் அறுவடையில் அரைக் கூடை கோயிலுக்குக் கொடுத்தேன், மிச்சத்தை ராக்காயி சின்னம்மா ஆளுக்கு ஒரு பிடி என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது இரண்டாவது தரம் வந்திருக்கிறது.

அப்பா முதல் நாள் தொடவில்லை. இரண்டாம் நாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் மிளகு போட்டுப் பிரட்டி வைத்தேன். "கோழியா?" என்றார். ஆமாம் என்றேன். தட்டை வழித்துவிட்டு, "எலும்பே இல்லாத கோழி எந்தப் பசார்ல விக்குது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். "உப்பு கம்மி" என்று எழுந்துபோனார். அவருக்குத் தெரியும்.

இனி எழுதப் போவதை நீ கோபிக்காமல் படிக்க வேண்டும். காளான் விரிந்ததிலிருந்து அறையெல்லாம் மாவு சலித்ததுபோல் வெள்ளைப் பொடி. போர்வையில், தண்ணீர்ச் செம்பில், ரேடியோ தலையில். "இந்தப் பொடி நெஞ்சுக்குள்ள ஏறுது பிள்ளே, அடைக்குது" என்கிறார். விடியும்போது குளிர்க்காய்ச்சல் வந்து நடுங்குகிறார். பிறகு ரம்புத்தான் மரத்தடியில் போய் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் தெளிகிறது. மறுபடி மறுநாள். காய்ச்சலோடு காற்றில் உட்காரக் கூடாது என்று சின்னம்மா சத்தம் போடுகிறாள். பைகளை வெளியே வைக்கலாமா? தோட்ட ஆபீஸ் கிராணியிடம் கேட்டு ஒரு கொட்டகை போடலாமா?

குணவதி


பாடாங் செராய்
4.6.1983

அக்காவுக்கு,

கிராணியிடம் போய்க் கைகட்டி நின்று கொட்டகை கேட்பதாக இருந்தால் பைகளை இன்றே குப்பையில் போடு.

அந்தப் பொடி காளானின் விதை. அவ்வளவுதான். மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. செய்யும் என்று நான் படித்த இரண்டு புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. முப்பத்தொரு வருடம் புகையைக் குடித்த நெஞ்சு இப்போது இருமுகிறது. அதைச் சொன்னதற்குத்தான் என்னை வீட்டைவிட்டு விரட்டினார். புகை ஒன்றும் செய்யவில்லையாம், நான் அனுப்பிய காளான் செய்கிறதாம்! துரையின் பொருள் என்றால் முப்பத்தொரு வருடம் பொறுப்பார், மகன் கொடுத்தது என்றால் மூன்று வாரத்தில் மூச்சு அடைக்கும்.

காய்ச்சல்காரர் மரத்தடியில் உட்காருவதாவது? உள்ளே படுக்கச் சொல். இந்த ஒரு விஷயத்தில் ராக்காயி சின்னம்மா சொல்வதும் நான் சொல்வதும் ஒன்று, உலக அதிசயம். ஜன்னலைத் திறக்காதே. சாக்கை இறுக்கமாகக் கட்டு, இடுக்கு இருக்கக் கூடாது.

இந்தக் கடிதத்தை அறைக் கதவில் ஒட்டி வை. அவருக்குப் படிக்கத் தெரியும்.

அடுத்த வாரம் லாரியில் இன்னும் எண்பது பை வருகிறது.

பரஞ்சோதி


செமிலிங்
18.9.1983

தம்பி ஜோதிக்கு,

மூன்று மாதம் எழுதாததற்கு நீ ஒன்றும் கேட்கவில்லை. வித்து மட்டும் தவறாமல் வந்தது. வித்தோடு ஒரு சீட்டு: "தண்ணீர் போதுமா?" போதும்.

ஆகஸ்டு 23ஆம் தேதி அப்பாவைச் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூச்சு இழுத்தது. சளியைச் சோதித்தார்கள், காசம் இல்லையாம். "புகையில வேலை செஞ்ச நெஞ்சு, இனி இப்படித்தான்" என்றார் டாக்டர். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார், சந்தோஷமா? ஆனால் பதினொரு நாளில் ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லை. பக்கத்துப் படுக்கை மலாய்க்காரரோடு அரட்டை, நர்ஸிடம் பால் சேர்க்காத கோப்பி ஓ கேட்டு வம்பு. செப்டம்பர் 3ஆம் தேதி வீட்டுக்கு அழைத்து வந்தேன். 5ஆம் தேதி விடியற்காலை மறுபடி நடுக்கம். "ஆஸ்பத்திரிச் சோறு ருசிச்சிருச்சு போல, வீட்டுக்கு வந்தா நோவு" என்று சின்னம்மா கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை.

பொடியைப் பற்றி இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை. நான் வெட்டுக்குப் போயிருக்கும்போது தண்ணீர் தெளிப்பதே அவர்தான். ஜன்னலை மூடிச் சாக்கை ஆணி வைத்து அடித்தவரும் அவர்தான். காரணம் கேட்காதே. நூற்றிருபது பை. வரிசையில் எது எப்போது விரியும் என்று என்னைவிட அவருக்குத் தெரிகிறது.

ஆள் இளைத்துவிட்டார். அரைக்கை பனியன் தோளில் நிற்கவில்லை. நீ ஒரு தரம் வா. விருந்தும் துரையும் கடிகாரமும் போகட்டும். அந்தக் கடிகாரம் ஓடுவதுகூட இல்லை.

குணவதி


பாடாங் செராய்
27.9.1983

அக்காவுக்கு,

இருநூறு பேர் முன்னால் போகச் சொன்னார். இரண்டு பேர் முன்னால் வரச் சொல்லட்டும். அவர் வாயால் கூப்பிடட்டும், அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

மருந்துக்கு வேண்டியதைக் குழந்தைவேலு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

பரஞ்சோதி


செமிலிங்
20.2.1984

ஜோதி,

காரியம் முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில் அப்பா போனார். நீ அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாய். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தவன் வாசற்படிக்குக் கீழே நின்றாய். "உள்ள வாப்பா" என்று எத்தனை பேர் கூப்பிட்டார்கள்! "அவர் சொல்லணும்" என்றாய். செத்துப்போனவர் எப்படியடா சொல்வார்? உனக்காக அவரை முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். கொள்ளி வைத்தாய், காரியம் செய்தாய், எல்லாம் வீட்டுக்கு வெளியே. ஒரு வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் குடிக்காமல் போனாய். நீ யாரிடம் கோபித்துக்கொண்டு அப்படி நின்றாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பின்னறையில் இப்போது நான் படுக்கிறேன். முன்னறையில் அந்தக் கடிகாரம் இருக்கிறது, அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இங்கே பைகள் நடுவில் படுத்தால் வீட்டில் இன்னும் ஓர் ஆள் இருப்பதுபோல் இருக்கிறது. நானே பை அடைக்கப் பழகி, இருநூறு ஆகிவிட்டது. பீடோங்கிலிருந்து நவமணி டீச்சர் வந்து, கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டுப் போனார். என்னை யாரும் இதற்கு முன்னால் எதையும் சொல்லிக்கொடுக்கக் கேட்டதில்லை.

வித்து அனுப்பு.

அக்கா


பாடாங் செராய்
11.4.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமாக இருக்கிறேன்.

காளான் வளர்ப்பை நிறுத்திவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. சந்தையில் இப்போது சீனர்களின் காளான் நிறைய வருவதால் நம்முடையதற்கு மதிப்பிருக்காது. மரத்தூளில் ஒரு வகை வண்டும் பரவுகிறது. அது வீட்டுக் கூரை மரத்தையும் அரிக்கக்கூடும். ஆகவே பைகளை எல்லாம் வெளியே எடுத்துப் புதைத்துவிடவும். அறையைக் கழுவிவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கவும். நீ முன்னறையில் படுத்துக்கொள்ளவும்.

இனி வித்து அனுப்ப இயலாது. தவறாக எண்ண வேண்டாம்.

அன்புடன்
பரஞ்சோதி


செமிலிங்
22.4.1984

ஜோதி,

"அன்புள்ள" என்றும் "அன்புடன்" என்றும் எழுதுகிற ஆளா நீ? கையெழுத்தைப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் அச்சடித்ததுபோல் இருக்கிறது. சின்ன வயதிலும் இப்படித்தான். சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டு, அன்றைக்கு மட்டும் வீட்டுப்பாடத்தை முத்து முத்தாக எழுதுவாய். நீ பொய் சொன்னால் உன் எழுத்து அழகாகிவிடும்.

வண்டாவது மண்ணாவது. உனக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதானே? பொழுதுபோக்கு மாறிவிட்டதாக்கும். அல்லது அப்பா போனதோடு இந்த வீட்டுக்கு எழுத வேண்டியதும் போயிற்று என்று நினைக்கிறாயா? ஒரு வருடத்தில் நீ எழுதிய கடிதத்தில் காளானைப் பற்றி இல்லாத வரி எத்தனை? காளான் இல்லாவிட்டால் நீ எனக்கு எதற்கு எழுதுவாய்?

நிறுத்த மாட்டேன். அடுத்த மாதம் மண்டபத்தில் சொல்லிக்கொடுக்கிறேன், பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வித்தை நானே எடுக்கப் பழகிவிட்டேன். நல்ல பையிலிருந்து கொஞ்சம் பிய்த்துப் புதுப் பையில் போட்டால் படர்கிறது. உன் தயவு வேண்டாம்.

எனக்குத்தான் அப்பாவின் இருமல் சொத்தாக வந்துவிட்டது போல. விடியற்காலை லேசாகக் குளிர்கிறது. போன வாரம் பால் வாளியோடு ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டேன், மூச்சு வரவில்லை. "வயசாச்சுடி, கெழவி" என்றாள் சின்னம்மா. இருக்கும். நான் புகைவீட்டில் ஒரு நாள்கூட நின்றதில்லை, அதுதான் ஆச்சரியம்.

குணவதி


பாடாங் செராய்
25.4.1984

அக்கா,

இதைப் படித்து முடிக்கும் முன்னால் எழுந்துபோய் ஜன்னலைத் திற. முன்வாசல், பின்வாசல், எல்லாவற்றையும் திற. பிறகு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்து மிச்சத்தைப் படி. இன்றைக்கு அந்த அறையில் படுக்காதே. சின்னம்மா வீட்டில் படு.

தபாலை நம்பவில்லை. குழந்தைவேலு அண்ணனின் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நாளைக் காலை வந்து சேரும். நான்தான் வந்திருக்க வேண்டும். பஸ் நிற்கிற இடம் வரை போய்த் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியாது.

மார்ச் 25ஆம் தேதி லூனாஸில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் காளான் கொட்டகையைப் பார்க்கப் போனேன். இரண்டாயிரம் பை. உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் குழந்தைக்குக் கட்டும் துணியை மடித்து மூக்கில் கட்டியிருந்தார்கள். நான் சிரித்தேன். எதற்கு இந்தக் கூத்து என்று தவுக்கேயின் மனைவியிடம் கேட்டேன். அவள் என்னை மடையனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். துணி கட்டாவிட்டால் அந்தப் பொடியால் டெமாம் வரும், பாத்தோக் வரும், காய்ச்சலும் இருமலும். இரண்டு நாள் வீட்டில் இருந்தால் போய்விடும், திரும்பி வந்தால் திரும்ப வரும் என்றாள். விரியும் முன்பே பறித்துவிடுவார்களாம், விரிந்தால்தான் பொடி அதிகமாம். கொட்டகையின் நாலு பக்கமும் வலை. காற்று வாரிக்கொண்டு போகிறது.

படிக்காத ஒரு சீனத்திக்குத் தெரிந்திருக்கிறது.

ஆலை டாக்டரிடம் கேட்டேன். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். இருக்கிறது. சிலருக்கு அந்தப் பொடி நுரையீரலைப் புண்ணாக்கும். விலகினால் ஆறும். விலகாமல் மாதக்கணக்கில் சுவாசித்தால் தழும்பாகி இறுகிவிடும், ஏற்கெனவே கெட்ட நுரையீரல் என்றால் தாங்காது. நான் படித்த இரண்டு புத்தகத்தில் இல்லை. மூன்றாவதில் இருந்தது.

அறைக்கு வந்து உன் கடிதங்களைத் தேதிவாரியாக மேசையில் பரப்பினேன். பைகள் விரிந்தது மே, காய்ச்சல் மே. மரத்தடியில் உட்கார்ந்தால் தெளிவு, உள்ளே போனால் நடுக்கம். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் காய்ச்சல் இல்லை. செப்டம்பர் 3 வீட்டுக்கு வருகிறார், 5ஆம் தேதி காய்ச்சல். எண்பது பை கூடியது, ஆள் இளைத்தார். ஆலையில் இப்படி ஒரு பட்டியலை யாராவது என் முன்னால் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் காரணத்தைச் சொல்லியிருப்பேன். நீ வரி வரியாக எழுதி அனுப்பியிருந்தாய். அவர் தன் வாயாலேயே சொல்லியிருந்தார்.

புகைவீட்டுக்கு ஜன்னல் இல்லை என்று துரையிடம் சண்டை போட்டவன் நான். அப்பாவின் ஜன்னலை மூடச் சொன்னவனும் நான். புகை ஆரம்பித்து வைத்திருக்கலாம். முடித்தது நான்.

நீ செய்த எதுவும் உன்னுடையது இல்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள். திறக்கலாமா என்று நீ கேட்டாய், கூடாது என்றேன். வெளியே வைக்கலாமா என்று கேட்டாய், கூடாது என்றேன். இது உனக்குத் தெரிந்தால் உன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய் என்றுதான் வண்டு கதையை எழுதினேன். தெரிந்த பிறகும் பதினேழு நாள் ஒன்றும் எழுதவில்லை, பதினெட்டாம் நாள் பொய் எழுதினேன். அதற்குள் நீ அவர் கட்டிலில் படுத்து அவர் இருமலை இருமிக்கொண்டிருந்தாய்.

பைகளைக் காய்ந்தபடி தூக்காதே, பொடி கிளம்பும். முதலில் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். நீ செய்யாதே. அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு அவர் எடுத்துப் புதைப்பார். சுவரைக் கழுவச் சொல். டாக்டரிடம் போனால் இருமல் என்று மட்டும் சொல்லாதே, காளான் என்று சொல். மண்டபத்தில் அந்தப் பதினாறு பேருக்குச் சொல்லிக்கொடுக்காதே. தயவுசெய்து.

எழுத்து கோணலாக இருக்கிறது. பார்த்துக்கொள்.

ஜோதி


செமிலிங்
13.5.1984

ஜோதி,

பைகளைக் குழந்தைவேலு அண்ணனும் சின்னம்மாவும் எடுத்துக் கித்தா காட்டுக்குள் குழி வெட்டிப் புதைத்தார்கள். சின்னம்மா முக்காடு போட்ட கொள்ளைக்காரி மாதிரி இருந்தாள். அவளே அதைச் சொல்லிச் சிரித்தாள், பிறகு குழியைப் பார்த்து அழுதாள். நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். சுங்கை பட்டாணி டாக்டரிடம் காளான் என்று சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். நெஞ்சைப் படம் எடுத்தார், மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒரு வாரமாகக் குளிர் இல்லை. நேற்று ஏற்றத்தை முழுதாக ஏறினேன், ஒரே ஒரு தரம் நின்று. எனக்கு ஆறிவிடும் என்கிறார். மண்டபத்துப் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதையே சொன்னேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போது வரவில்லை. எழுதினால் என் எழுத்தும் அழகாகிவிடும்.

உன் பட்டியலில் ஒரு தேதி விட்டுப்போயிருக்கிறது. போன வருடம் ஜூன் நாலு. அந்தக் கடிதத்தை நீ சொன்னபடி கதவில் ஒட்டினேன். கோபத்தில்தான் ஒட்டினேன், அவரும் படித்துவிட்டுக் கத்தட்டும் என்று. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே மூன்று தரம் படித்தார். கத்தவில்லை. "நல்லா வெவரமாத்தான் எழுதிருக்கான்" என்றார். சுத்தியல் எங்கே என்று கேட்டார். மூன்று அங்குல ஆணியாக எடுத்து, ஜன்னல் கதவோடு சாக்கைச் சேர்த்துச் சட்டத்தில் அடித்தார், நடுவில் நடுவில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி. "ஏம்பா, உங்களுக்குப் புகைவீடு தெரியாதே" என்றேன். "அது கெடக்குது பிள்ளே. நல்லா வந்தா பாக்க வருவான்ல" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் அந்தச் சாக்கைத் தொட அவர் விடவில்லை. பொடி என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், நானும் எழுதவில்லை. செப்டம்பரில் "அவர் வாயால் கூப்பிடட்டும்" என்று நீ எழுதினாய் அல்லவா, அந்தக் கடிதத்தை அவருக்கு நான் காட்டவில்லை. எனக்கு உன்மேல் அவ்வளவு ஆத்திரம். காட்டியிருந்தால் கூப்பிட்டிருப்பார். நீ வந்திருப்பாய். அந்த அறைக்குள் கால் வைத்ததும் உனக்குப் புரிந்திருக்கும். இது என்னுடையது, உன் பட்டியலில் இதையும் நீ சேர்த்துக்கொள்ளாதே.

ஜன்னலைத் திற, திற என்று எழுதினாய். அன்றைக்கு எப்படித் திறப்பது? ஆணி அடித்த ஜன்னல். அண்ணன் வாசல்களைத் திறந்துவிட்டார், நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சாக்கைக் கிழித்தேன், ஆணி அப்படியே நின்றது. சுவரெல்லாம் கழுவிய பிறகு நேற்றுத்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நெம்பினேன். பன்னிரண்டு ஆணி. பதினொன்று வந்துவிட்டது. கடைசி ஒன்று தலை உடைந்து கட்டைக்குள்ளேயே நிற்கிறது, என் கைக்கு வரவில்லை. ஒரு கதவுதான் திறக்கிறது. அதில் புகைவீட்டுக் கூரையில் பாதி தெரிகிறது.

உங்கள் ஆலையில் நல்ல குறடு இருக்கும். எடுத்துக்கொண்டு வா. முற்றத்தில் நிற்காதே, வாசல் வழியாக உள்ளே வா.

அக்கா